தலைவலி மாத்திரையோடு நாலு வார்த்தையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வரும் ஒற்றைத் தலைவலியைப் பற்றி மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம். ஆனால் வலி வராமல் தடுக்க தினமும் போடும் மாத்திரையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ப்ராப்ரனலால், ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் என்று சீட்டு வருகிறது. வாங்கிப் போன அம்மா மறுநாளே வந்து, "அண்ணே, போன்ல பார்த்தேன், இது வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையாமே, எங்க பிள்ளைக்கு வலிப்பா?" என்று கேட்கிறார். டோபிரமேட் வலிப்புக்கு வந்த மருந்துதான், அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, ப்ராப்ரனலால் ரத்த அழுத்தத்துக்கு. ஒற்றைத் தலைவலிக்கும் இவற்றைக் கொடுப்பதுண்டு என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா ராத்திரி தூங்கியிருப்பார். சொல்லாததால் பாதி அட்டை அலமாரியிலேயே கிடக்கும். வீசிங் இருக்கிற பிள்ளைக்கு ப்ராப்ரனலால் ஆகாது என்பதைக்கூடச் சில சமயம் நான்தான் கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அப்புறம், அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு அமிட்ரிப்டிலின், சிலருக்கு டோபிரமேட், சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று 24 வாரத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் அச்சானது. தலைவலி வரும் நாட்கள் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிரமேட்டில் 55, வெற்று மாத்திரையில் 61! மருந்தே வீண் என்று நான் சொல்ல வரவில்லை (சொன்னால் என் வியாபாரம் என்னாவது). எதைக் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் கை கால் மரத்துப்போவது, வாய் உலர்வது, அசதி எல்லாம் நிஜ மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். இதைப் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்? அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான்.

காலை ஸ்பெஷல் கிளாஸுக்குச் சாப்பிடாமல் ஓடுவது, பள்ளிக் கழிவறைக்குப் பயந்து பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, நடுராத்திரி வரை போன், இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறோம். சீட்டே இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் தனி. மாதத்தில் 15 நாள் அதைப் போட ஆரம்பித்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள்: தேதி, வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், என்ன மாத்திரை, அன்று பள்ளிக்குப் போனதா இல்லையா. வெட்டி நிரப்பி டாக்டரிடம் கொண்டுபோகட்டும். நானும் நகலெடுத்துக் கடையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
விருதுநகர்