சஸ்பென்ஸில் கிடந்த 18,300 ரூபாய்

கிருஷ்ணகிரி
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "புது சாப்ட்வேர்ல நான் கட்டுற பேலன்ஸ் ஷீட் மூணு நாளா டேலி ஆகலம்மா, சொத்தும் பொறுப்பும் ஒத்து வரல, பேசாம 'இதர'ன்னு ஒரு வரி போட்டு வித்தியாசத்தை அதுல தள்ளிடட்டுமா" என்று கேட்டாய். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

நான் மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதப் போன இரண்டாவது வருஷம். அப்போது கம்ப்யூட்டர் இல்லை, எல்லாம் கை எழுத்துதான். மே மாதம் தொடங்கி ஜூலை வரை பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். ஒரு நாளைக்கு நூறு சீட்டு எழுதுவோம். வருஷக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ், அதாவது எல்லாக் கணக்கின் பாக்கியையும் டெபிட் (பற்று), கிரெடிட் (வரவு) என்று இரண்டு பக்கமாகக் கூட்டிச் சரிபார்க்கிற பட்டியல், போட்டபோது கிரெடிட் பக்கம் 18,300 ரூபாய் குறைந்தது. சாயங்காலத்துக்குள் பேங்குக்குக் கணக்கு போக வேண்டும் என்று முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் அந்தத் தொகையை, காரணம் தெரியாத பணத்தைத் தற்காலிகமாக வைக்கிற சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு டேலி செய்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். தன் லோடுக்குப் பணம் பாக்கி இருக்கிறது என்பார். நான் பேரேட்டைத் திருப்பி, "உங்க பக்கத்துல பாக்கி இல்லைங்க" என்று இரண்டு முறை அனுப்பிவிட்டேன். மூன்றாவது முறை சுருக்குப்பையிலிருந்து எடைச் சீட்டை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, வெற்றிலைக் கறையோடு இருந்தது. என் கையெழுத்துதான். தொகை 18,300. கொள்முதல் புத்தகத்தின் கூட்டுத்தொகையில் அது ஏறியிருந்தது, அவர் பக்கத்துக்கு நான் பதியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "பாத்து எழுதும்மா" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. அந்த 18,300 ஒரு மனுஷன் வருஷம் பூரா தோப்பில் பட்ட பாடு. அதைத்தான் நான் ஒரு வரியில் போட்டு மூடி வைத்திருந்தேன்.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

டேலி சாப்ட்வேரில் லெட்ஜரை, அதாவது ஒவ்வொரு தனிக் கணக்கையும், சரியான குரூப்பில் போட்டால் பேலன்ஸ் ஷீட் தானாக வந்துவிடும். ஓபனிங் பேலன்ஸில் வித்தியாசம் இருந்தால்கூட அதைத் தனி வரியாக எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டும். அது எனக்குப் பிடித்த குணம். நீ இப்போது கற்றுக்கொள்கிற சாப்ட்வேர் அப்படி இல்லை. எந்த வரியில் எந்த லெட்ஜர், எந்த நெடுவரிசையில் எந்த மாதம் என்று ஒவ்வொன்றையும் நீயே கட்ட வேண்டும். நீ சொல்லாததை அது எடுக்காது.

ட்ரையல் பேலன்ஸ் சரியாக இருக்கிறது என்றாய். அப்படியானால் பதிவில் வித்தியாசம் இல்லை, நீ கட்டிய வரிகளில்தான் இருக்கிறது. முதலில் வித்தியாசத் தொகையை இந்த வருஷ லாபத்தோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் உன் மூன்று நாள் பாடு அங்கேயே முடிந்தது. வருஷக் கணக்கை மூடும் வரை லாபம் என்று தனியாக ஒரு லெட்ஜர் கிடையாது கண்ணு, வருமான லெட்ஜர்களிலும் செலவு லெட்ஜர்களிலும் அது பரவிக் கிடக்கும். சேர்ந்த லாபத்தைக் காட்டுகிற 'ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்' வரியில் பழைய பாக்கியை மட்டும் எடுத்திருப்பாய். அதோடு நடப்பு வருஷ லாபத்தையும் சேர்க்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான்.

அது இல்லையென்றால் லெட்ஜர் எங்கோ விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் ஏறியிருக்கும். லெட்ஜர் நம்பர் 1400 முதல் 1450 வரை என்று நீ ஒரு வரிக்குக் கொடுத்திருப்பாய், வருஷ நடுவில் யாராவது 1455 என்று புதிதாக ஒன்றைத் திறந்திருப்பார்கள். வித்தியாசத்தைப் பாதியாக்கியும் பார். அந்தத் தொகைக்கு ஒரு லெட்ஜர் இருந்தால் அதன் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். பல சாப்ட்வேர்கள் கிரெடிட் பாக்கியை மைனஸாகவே வைத்திருக்கும். அதைத் திருப்புவது காட்டுகிற இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். கூட்டலுக்குள் போய்த் திருப்பினால் எல்லாம் குழம்பிவிடும்.

நெடுவரிசைகளைக் கட்டும்போது ஒன்றை மறக்காதே. லாப நஷ்டக் கணக்கு ஏப்ரல் ஒன்றிலிருந்து நடந்ததைச் சொல்வது, பேலன்ஸ் ஷீட் அந்த ஒரு நாளில் இருப்பதைச் சொல்வது. பேலன்ஸ் ஷீட் நெடுவரிசையில் அந்த மாதத்தின் வரவு செலவை மட்டும் இழுத்தால் ஃபேக்டரிக் கட்டிடமே காணாமல் போய்விடும். ஒப்பிடுகிற நெடுவரிசையையும் யோசித்துப் போடு. எங்கள் ஃபேக்டரியில் ஜூன் மாதத்தை மார்ச்சோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. போன வருஷ ஜூனோடு வைத்தால்தான் காய் வரத்து கூடியதா குறைந்ததா என்று தெரியும். உன் கம்பெனிக்கு எது சீசன் என்று அங்கே இருக்கிற பழைய ஆளிடம் கேள்.

வரிகளின் வரிசையை, பேலன்ஸ் ஷீட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்கிற 2013 கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டே போடு. நான் கற்றபோது இடப்பக்கம் பொறுப்பு, வலப்பக்கம் சொத்து. 2011-12 முதல் எல்லாம் மேலிருந்து கீழாக ஆகிவிட்டது. பழக்கம் மாற எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். ட்ரையல் பேலன்ஸைப் பிரிண்ட் எடு, ஸ்கிரீனில் பார்க்காதே. ஒவ்வொரு லெட்ஜருக்குப் பக்கத்திலும் அது உன் ரிப்போர்ட்டில் எந்த வரியில் போகிறதோ அந்த வரி நம்பரைப் பென்சிலால் எழுது. நம்பரே இல்லாதது விட்டுப்போனது, இரண்டு நம்பர் உள்ளது இரண்டு முறை ஏறியது. முந்நூறு லெட்ஜர் இருந்தாலும் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். மேனேஜர் அவசரப்படுத்தினால், வித்தியாசம் இன்னும் தெரியவில்லை என்று தொகையோடு எழுதிக் கொடு. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்பா நேற்று சந்தையிலிருந்து மாங்காய் வாங்கி வந்தார், ஊறுகாய் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. கம்பெனிக் கணக்கு எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம். பென்சிலால் எழுதி முடித்ததும், எத்தனை லெட்ஜருக்கு நம்பர் இல்லை என்று மட்டும் போனில் சொல்.

அன்புடன்,
அம்மா