ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர் குழுவினருக்கும், வன்னியில் எழுதுவோரிடம் படைப்புகளைக் கோரும் ஏனைய அமைப்பினருக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சியில் நடந்த உங்கள் சிறுகதைத் தொகுப்பு வெளியீட்டு விழாவில், புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் என் கதை தெரிவாகவில்லை என்பதை அறிந்தேன். தெரிவு செய்வது உங்கள் உரிமை. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் பதிவுத் தபாலில் வந்த கதைக்கு இடைப்பட்ட மாதங்களில் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. விழா முடிந்து பிரதியைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, தெரிவாகாதவற்றை வைத்திருக்க இடமில்லாததால் கழித்துவிட்டதாக உங்களில் ஒருவர் சொன்னார். இந்த மடலுக்குக் காரணம் அந்தப் பதில்தான்.

ஒரு பிரதி உங்களிடம் வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதுகிறேன். தட்டச்சு செய்த பிரதியே ஏற்கப்படும் என்று நீங்கள் அறிவித்ததால் பரந்தன் வழியாக நகரத்துக்கு பஸ் ஏறி, பக்கக் கணக்கில் காசு கொடுத்து பாமினி எழுத்துருவில் அடிப்பித்து, பிழை திருத்துவதற்காக மறுபடியும் போகிறேன். வேறெங்கும் அனுப்பியிருக்கக் கூடாது என்ற உங்கள் நிபந்தனையையும் மதித்தேன். நீங்கள் மௌனமாக இருந்த காலமெல்லாம் அந்தக் கதை வேறு எந்தச் சஞ்சிகைக்கும் போக முடியாமல் கிடந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் தொடக்கம் முதல் இருந்த எங்கள் ஊர் அம்மா ஒருவர் சொன்னவற்றைக் கொண்டே அந்தக் கதையை எழுதினேன். பெயரை மாற்று என்றாரே தவிர, எதையும் மறை என்று அவர் சொல்லவில்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தி, மகன் கொண்டுபோன பை நீலமல்ல, மண்ணிறம் என்று திருத்தினார். இப்போது என்னைக் காணும்போதெல்லாம், "பிள்ளை, புத்தகம் வந்திட்டுதோ?" என்று கேட்கிறார். ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் மனுக் கொடுத்துக் கொடுத்து, என்ன நடந்தது என்ற பதில் இன்னும் கிடைக்காத ஒருவரிடம், உங்கள் கதைக்கும் பதில் வரவில்லை அம்மா என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? மறுத்துவிட்டார்கள், வேறிடத்துக்கு அனுப்புவோம் என்று சொல்ல முடிந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கதையின் பிரதியையே கழித்துவிட்டார்கள் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆகவே கேட்கிறேன்: ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு வரி எழுதுங்கள்.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் எனும் கோடை நெற்செய்கை செய்ய எல்லோருக்கும் நீர் கிடைப்பதில்லை. ஆனால் எத்தனை ஏக்கருக்கு நீர் என்பதை விதைப்புக்கு முன்பே கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். பங்கில்லாதவர் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்து வேறு வேலை பார்க்கிறார். கமக்காரருக்குக் கிடைக்கும் அந்த மரியாதையை எழுதுகிறவருக்கும் தாருங்கள்.

வன்னி மண்ணிலிருந்து எழுத்து வரவேண்டும் என்று உங்கள் விழாவில் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வந்த எழுத்தை என்ன செய்தீர்கள்? வட மாகாணத்தின் சிறந்த நூற்பரிசுக்கு அச்சான நூலைத்தான் அனுப்ப முடியும். 2022இன் நெருக்கடியில் கடதாசி விலை ஏறிய பிறகு, சொந்தக் காசில் முந்நூறு பிரதி அடிப்பதற்கு நகையை அடகு வைக்கவேண்டும். அடித்தாலும் வெளியீட்டு விழாவில் கூடுதல் காசு கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்க ஆள் பிடிக்கவேண்டும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் உங்கள் தொகுப்புகளை நம்பியிருக்கிறோம். எழுதுவதை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். 2009இல் விசுவமடுவிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்தபோது, பைகளின் பாரத்தைக் குறைக்க முதலில் வீசப்பட்டவை கொப்பிகளும் புத்தகங்களுமே என்பதைப் பள்ளிப் பிள்ளையாக நேரில் பார்த்தவள் நான். என்னால் விட முடியாது. எழுதிய தாளை இடமில்லை என்று கழிப்பவர்களை, அதுவும் இலக்கியத்தின் பெயரால் கழிப்பவர்களை, மன்னிக்கவும் என்னால் இலகுவில் முடியவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியமல்ல. படைப்புக் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடிவு சொல்லும் திகதியை அறிவித்தலிலேயே போடுங்கள். அந்தத் திகதிக்குள் ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ ஒரு வரி எழுதுங்கள். முத்திரை ஒட்டி விலாசமிட்ட கடித உறையை நாங்களே வைத்து அனுப்புகிறோம், தெரிவாகாத பிரதியை அதில் இட்டுத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த தொகுப்புக்கான அறிவித்தலை நீங்கள் வெளியிடும்போது இவை அதில் இடம்பெற வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து எழுதும் ஒருத்தி