பதினோராம் மாசம்

அன்பு மகளுக்கு,

சுகமாய் இருக்கிறியா? அம்மா அனுப்பின பார்சல் வந்ததோ? வேலை எப்பிடி எண்டு கேட்டால் "பிரச்சினை இல்லை அப்பா" எண்டு மட்டும் சொல்லுறாய். முந்தியெண்டால் வகுப்புப் பிள்ளையள் சொன்ன கதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவாய்.

கொரியாவிலை நீ படிப்பிக்கிற ஹாக்வோன் எங்கடை ஊர் ரியூட்டரி மாதிரித்தான். நானும் யாழ்ப்பாணத்திலை கணக்குப் படிப்பிச்சவன். பள்ளிக்கூடம் முடிஞ்சு களைச்சு வாற பிள்ளையளைத் திரும்ப இருத்திப் படிப்பிக்கிறது லேசில்லை. சியோலிலை இரவு 10 மணிக்குப் பூட்டவேணும் எண்டு சட்டமே போட்டிருக்கினம். கம்பஸ் போறதுக்கான நவம்பர்ச் சோதனையிலை இங்கிலீஸ் கேட்டல் பகுதி நடக்கேக்கை, சத்தம் கேக்குமெண்டு பிளேன் ஏறவும் விடாயினம், இறங்கவும் விடாயினம். அந்தப் பாடத்தை என்ரை மகள் படிப்பிக்கிறாள் எண்டு கோயிலிலை காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறன்.

ஆனால் உனக்கு இப்ப அந்த வேலையிலை பதினோராம் மாசம். ஒரு வருசம் முடிச்சுப் போகேக்கை ஒரு மாசச் சம்பளம் கூட்டித் தரவேணும், அது கொரியாச் சட்டம். அதைக் குடுக்காமல் விட, சில முதலாளிமார் இந்த மாசம் பார்த்து ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுறவை. நிப்பாட்டுறதெண்டால் 30 நாளுக்கு முதல் சொல்லவேணும், இல்லாட்டி 30 நாள் சம்பளம் தரவேணும். விளங்காத தாளிலை கையெழுத்து வைக்காதை. நீயாய் விலகுறன் எண்டு எழுதிக் குடுக்காதை.

இஞ்சையே இருந்து மேலை படி எண்டு சொன்னன், நீ கேக்கேல்லை. எண்டாலும் ஒருத்தரையும் தெரியாத ஊரிலை தனிய நிண்டு பிடிச்சிட்டாய், எனக்கு அது பெரிய காரியம்.

கனடாப் பாஸ்போட், டிகிரி, பொலிஸ் றிப்போட் எல்லாம் வாங்கினவங்கள், பிறகேன் முகப்படமும் கேட்டவங்கள்? பிள்ளையளின்ரை தாய் தேப்பன் ஆரும் ஏதும் சொல்லிச்சினமோ? சரி, கோவிக்காதை, விடுறன்.

மாமியின்ரை மகளுக்குச் சம்பந்தம் பொருந்தீட்டுது. அம்மா விபரம் சொல்லுவா.

உன்ரை விசா அந்த இடத்தோடைதான் கிடக்குது, கோவத்திலை விட்டிட்டு வெளியிலை நிக்காதை. தொழில் அமைச்சுக்கு 1350 எண்டு அடிச்சுக் கேள். இருக்கேலாது எண்டால் ரிக்கெற் நான் போடுறன், காசைப் பற்றி யோசிக்காதை.

ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்து வாட்சப்பிலை போடு. திருப்பியும் சொல்லுறன், கையெழுத்து வைக்காதை. இஞ்சை சனி இரவு 8 மணி, உனக்கு ஞாயிறு காலமை 10. அப்ப எடு. அம்மா அந்த நேரம் கோயிலிலை நிப்பா, நான் மட்டும்தான் வீட்டிலை.

அப்பா
ஸ்காபரோ