குடியிருப்போர் நலச்சங்கம், சைதாப்பேட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

(27.4.2025 ஞாயிறு மாலை பொதுக்குழுவில் வாசித்தது)

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 38 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 104 பேருக்கும் வணக்கம். அவர்களுக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது; அதில் மூன்று முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள்) இல்லை. தேரன்று நீர்மோர் கொடுத்தோம். ஆகஸ்ட் 15 கொடி ஏற்றினோம். ஃபெஞ்சல் புயல் மழையில் இரண்டாவது தெருவில் நின்ற தண்ணீரை வாடகை மோட்டார் வைத்து இறைத்தோம். மற்றவை மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கின்றன.

இனி, ஆண்டு முழுக்க என்னிடம் நேரிலும் என் முதுகுக்குப் பின்னாலும் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன்: பள்ளிக்கூடத்துக்கு எதற்குச் சங்கப் பணம்?

பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பதினோரு வருஷம் குடும்பத்தைப் பிரிந்து இருந்தவர். அறிவியல் ஆசிரியர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு இடமும் காலி. கணக்குப் பீரியடில் தமிழாசிரியை வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார். 1856-ல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கும் பேட்டை நம்முடையது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

தற்காலிகமாக ஆள் வைத்துக்கொள்ளப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுமதி உண்டு. பட்டதாரி ஆசிரியருக்கு அரசு கொடுப்பது மாதம் 15,000 ரூபாய். பி.எஸ்சி. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம் படித்த ஒருவர் சென்னையில் வாடகையும் கொடுத்துக்கொண்டு இதற்கு ஏன் வர வேண்டும்? கணக்குப் படித்தவரை ட்யூஷன் சென்டரும் கூப்பிடுகிறது, கம்ப்யூட்டர் கம்பெனியும் கூப்பிடுகிறது. சமூக அறிவியலுக்கு நான்கு விண்ணப்பம் வந்த இடத்தில் கணக்குக்கு ஒன்றுகூட வரவில்லை என்று தலைமையாசிரியை சொன்னார்.

நான் பரபரத்ததற்குக் காரணம் வேறு. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயம் செய்கிறார்கள். வாத்தியார் இல்லையென்று பெற்றோர் டி.சி. வாங்கினால் தலை குறையும். தலை குறைந்தால் இடம் உபரி என்றாகி வேறு பள்ளிக்குப் போய்விடும். பிறகு ஆளைக் கேட்பதற்குக்கூட நமக்கு இடம் இருக்காது. ‘செயலாளர் அவசரக்குடுக்கை’ என்று வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டவருக்கு இதுவே பதில்.

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோக ஒரு பெண் சம்மதித்தார். அரசு தரும் சம்பளத்துக்கு மேல் சங்கம் மாதம் 3,000, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக, ரசீதுடன் கொடுத்தது. எட்டு மாதத்துக்கு 24,000. செயற்குழு தீர்மானம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

“நம் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கவில்லையே” என்றார்கள். உண்மைதான். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மகன் படிக்கிறான். இஸ்திரி வண்டிக்காரரின் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். நம் வாட்ச்மேனின் பேரன் ஒன்பதாம் வகுப்பு.

அறிவியலுக்கு எங்கு தேடியும் ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வகுப்பு எடுப்பதாக, போன வருஷப் பொதுக்குழுவில் பதினொரு பேர் கை தூக்கினார்கள். கைதட்டலும் கிடைத்தது. வந்தவர்கள் மூவர். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் இரண்டு வாரம் அருமையாக நடத்தினார். பிறகு மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போனார். பேத்திக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, வாழ்த்துகள். வங்கி அதிகாரி ஒருவர் ஒரே ஒரு நாள் வந்து, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசிவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் நான்.

தொலைபேசித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். மின்சாரம் சொல்லிக்கொடுக்க வரும். ரிச்சி தெருவில் பேட்டரி, சின்ன பல்பு, ஒயர் எல்லாம் 740 ரூபாய்க்கு வாங்கினேன் (என் பணம், சங்கக் கணக்கில் தேட வேண்டாம்). இரண்டு பல்பைத் தொடராக மாட்டியதும் வெளிச்சம் மங்க, “சார், முதல் பல்பு கரன்ட்டைத் தின்னுடுச்சா?” என்று இஸ்திரிக்காரர் பெண் கேட்டாள். தின்னவில்லை, இரண்டிலும் ஒரே கரன்ட்தான் ஓடுகிறது, மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) கூடியதால் மொத்தமாகவே குறைந்துவிட்டது என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவள் நம்பவில்லை. மீட்டரை வைத்து அங்கே இங்கே அளந்து பார்த்த பிறகுதான் நம்பினாள். ஆனால் உயிரியலில் எனக்கு ஒன்றும் தெரியாது. புத்தகத்தை உரக்க வாசித்தேன். அது பாடம் ஆகாது என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரிந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வு இந்த மாதம் முடிந்தது. முடிவு வரவில்லை.

கணக்கு: ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 142 வீட்டில் 61 வீடுதான் கட்டியிருக்கிறது. பாக்கி மட்டும் 48,600. அந்த 24,000-த்தைப் பற்றிக் கேட்டவர்கள் மூவரும் இந்த 81-க்குள் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும்.

தலைவர், பொருளாளர், மாநகராட்சி ஊழியர்கள், இன்று காபி ஏற்பாடு செய்தவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் செயலாளராக நிற்பதாக இல்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. யார் வந்தாலும் வசதியாக இருக்க ஃபைல்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரி ஆசிரியை ஜூனில் வருவாரா என்பது அந்த 3,000 தொடருமா என்பதைப் பொறுத்தது. அவரே கேட்டுவிட்டார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாசலில் காபிக்குப் பக்கத்தில் இரண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று சந்தா பாக்கிக்கு. மற்றது சனிக்கிழமை உயிரியல் எடுக்கக்கூடியவர்களுக்கு. உறுப்பினர்களில் டாக்டர்கள் நான்கு பேர் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன்.