மேட்டூர் மீனின் குடலும் உன் ஃப்ரீசரில் ஒரு தட்டும்

அன்புள்ள செல்வி,

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சுமதி சொன்னாள், சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு மட்டும் ஏற்காட்டுக்குப் போய்வந்ததிலிருந்து சளி விடவில்லை. சுமதி இன்னும் அந்தப் பச்சைக் குடையைத்தான் வைத்திருக்கிறாள், பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன், மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது.

என் மாணவி நந்தினியைத் தெரியும்தானே, உன் வீட்டுப் பூனைக்குப் பேர் வைத்துவிட்டு வந்தவள். மேட்டூர் அணை மீன்களின் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்று பார்க்க ஒரு ஆய்வுத் திட்டம் எழுதி நிதிக்கு அனுப்பியிருந்தாள். நேர்காணலில் ஒருவர், இதனால் மீன் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், ஆற்று மீனின் கழிவை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, வளர்ப்புக் குளத்தில் செய்வதென்றால் யோசிக்கலாம் என்றிருக்கிறார். அங்கே தைரியமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஆனால் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். விளைச்சல் கூடுமா என்பதைத் தவிர ஒரு மீனைப் பற்றிக் கேட்க வேறு கேள்வியே இல்லையா, செல்வி?

நீ கடல்காரி. ஏரி மீன் என்றாலே சேற்று வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய், ஹாஸ்டல் மெஸ்ஸில் ஜிலேபி மீன் குழம்பு வைத்த அன்றைக்கு நீ பண்ணிய கூத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் இதை நீ கேட்டே ஆக வேண்டும். பி12 வைட்டமினை எந்தச் செடியாலும் செய்ய முடியாது, எந்த விலங்காலும் முடியாது, பாக்டீரியாவும், அதைப் போன்ற ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே செய்யும், இது உனக்குத் தெரிந்ததுதான். சாதாக்கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தீவனத்தில் பி12 இல்லாவிட்டாலும் குறை வருவதில்லை. ஜப்பானிய விலாங்குக்கும் அமெரிக்காவின் சேனல் கெளுத்திக்கும் தீவனத்தில் கொடுத்தாக வேண்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று ஜப்பான்காரர்கள் தேடிக்கொண்டே போய், 2008-இல் அந்தக் குடல்வாசியை அடையாளம் காட்டினார்கள். சீடோபாக்டீரியம் சோமெரே. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்வது, பி12 நிறையச் செய்வது. 2003-இல் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள், கடைசியில் பார்த்தால் உலகமெங்கும் கெண்டைகளின் குடலில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. அந்தப் பேரினத்தை முதலில் கண்டது 1995-இல், உன் கடல் பாலூட்டிகளிடம்! ஆக நீயும் இதற்குச் சொந்தக்காரிதான், தப்பிக்க முடியாது.

போன மாதம் நந்தினியோடு விடியும் முன்பே மேட்டூருக்குப் போயிருந்தேன். பரிசலில் வலை எடுத்து வந்தவர்களிடம் உயிரோடு துடிக்கிற மீனாகக் கேட்டு வாங்கினோம். செத்து நேரமானால் உள்ளே இருக்கிற பாக்டீரியாக்கள் தாறுமாறாகப் பெருகி, எது எவ்வளவு இருந்தது என்ற கணக்கே மாறிவிடும், அதனால் கரையிலேயே அறுக்க வேண்டியதாயிற்று. ரோகுவின் வயிற்றைத் திறந்து குடலை ஸ்டீல் தட்டில் பிரித்து வைக்கிறாள், பிரிக்கிறாள், பிரித்துக்கொண்டே இருக்கிறாள், முடிவே இல்லை. நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது, மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு, உள்ளே கரும்பச்சையாகப் பாசிக்குழம்பு. கெண்டை வகைக்கு இரைப்பையே கிடையாது, தொண்டைப் பல்லால் அரைத்து நேரே குடலுக்குள் அனுப்பிவிடும். அடுத்து விரால். தடித்த இரைப்பை, அதற்குப் பின்னால் குட்டையான குடல், அறுத்தால் பாதி கரைந்த ஒரு குட்டி மீன், கண் மட்டும் அப்படியே வெள்ளையாக. ஒரே தண்ணீரில், ஒரே வலையில் வந்த இரண்டு மீன்! இவை இரண்டுக்குள்ளும் குடியிருக்கிறவர்கள் ஒன்றாக இருக்க முடியுமா?

குடலில் இருப்பதிலும் இரண்டு தரப்பு உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் ஏறுகிறவர்கள் போல, சாப்பாட்டோடும் தண்ணீரோடும் வந்து வெளியே போய்விடுபவை ஒரு தரப்பு. குடல் சுவரின் கோழையில் ஒட்டி வாழ்பவை இன்னொரு தரப்பு. அதனால்தான் நந்தினி குடலுக்குள் இருக்கிற கூழை ஒரு குழாயிலும், சுவரைச் சுரண்டி எடுத்ததை இன்னொரு குழாயிலும் தனித்தனியாக ஆல்கஹாலில் போட்டாள். மீன் வெட்டிக் கொடுக்கிற அக்கா ஒருத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் தூக்கிப் போடறத நீங்க எடுத்து வெக்கிறீங்க, வெக்க வேண்டியத தூக்கிப் போடறீங்களே கண்ணு” என்று மீனைக் கழுவித் தந்தார். குழம்பு அபாரம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

நிறைய வகை சாப்பிடுகிற மீனுக்கு நிறைய வகை பாக்டீரியா இருக்கும் என்றுதானே நீயும் நினைப்பாய்? 2014-இல் கனடாவின் ஸ்டிக்கில்பேக் மீனிலும் ஸ்வீடனின் பெர்ச் மீனிலும் பார்த்தபோது தலைகீழாக இருந்தது, கலந்து தின்ற மீன்களிடம் பாக்டீரியா வகை குறைவு. இன்னொரு பக்கம், 2011-இல் வெளிநாட்டு ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஸீப்ரா மீன்களையும் நம் நாட்டு நீரில் பிடித்த ஸீப்ரா மீன்களையும் ஒப்பிட்டார்கள், குடலில் பொதுவான ஒரு பாக்டீரியாக் கூட்டம் இரண்டிலும் அப்படியே இருந்தது. ஆக இடமும் சாப்பாடும் மட்டும் தீர்மானிப்பதில்லை, தனக்கு வேண்டியவர்களை மீனும் தேர்ந்தெடுக்கிறது. ஸ்வீடன் ஏரி மீனைப் பற்றி இவ்வளவு தெரியும்போது நம் காவிரி மீனைப் பற்றியும் தெரிய வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், விளைச்சல் எவ்வளவு என்கிறார்கள்.

என் பயம் இதுதான், செல்வி. அணை கட்டி முடித்தது 1934-இல். அதற்குப் பிறகு நாம் ரசித்துச் சாப்பிடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன், குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். காவிரிக்கே உரிய கெண்டைகள் வலையில் அரிதாகிவிட்டன. கூன்முதுகு மஹசீர், உலகத்திலேயே பெரிய மஹசீர்களில் ஒன்று, காவிரியைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன், அதற்குச் சரியான அறிவியல் பெயர் பொருந்தியதே 2018-இல்தான், அதே வருஷம் மிக அபாயமான நிலையில் இருப்பதாகவும் பட்டியலில் ஏறிவிட்டது. வேறு ஆற்று மஹசீரைப் பொரிப்பகத்தில் வளர்த்து இங்கே கொண்டுவந்து விட்டது அதன் சரிவுக்கு ஒரு காரணம். ஒரு மீன் போனால் அதன் குடலுக்கென்றே பழகிய கூட்டமும் சேர்ந்து போகும். என்ன போனது என்று சொல்லக்கூட நம்மிடம் ஒரு குழாய் சாம்பிள் இருக்காது. அப்புறம் எந்த வளர்ப்புக் குளத்தில் போய், எதோடு ஒப்பிட்டு, எந்த விளைச்சலைக் கணக்குப் போடுவது?

தண்ணீரும் அப்படித்தான். சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்தைத் தாண்டும்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று உனக்கே தெரியும், சாக்கடையும் சாயமும். ஊர்க்காரர்களே சேர்ந்து தூர்வாரித் தீவு போட்டு மரம் வைத்த மூக்கனேரி ஒரு பக்கம், மேட்டூர் இன்னொரு பக்கம். இரண்டிலும் பிடித்த ஜிலேபியின் குடலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே தண்ணீரின் கதை கொஞ்சம் வெளியே வரும் என்பது என் நம்பிக்கை.

நிதி இல்லாவிட்டாலும் நந்தினியை விடப்போவதில்லை. அணையில் தண்ணீர் இறங்கியிருக்கிற கோடையில் ஒரு தடவை, ஆடியில் புதுத்தண்ணீர் வந்த பிறகு ஒரு தடவை எடுக்கலாம் என்று திட்டம். பரிசல்காரர்களிடம் பேசியாகிவிட்டது. எனக்கு வேண்டியது உன் ஆய்வகத்து மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் ஒரே ஒரு தட்டு, அப்புறம் டிஎன்ஏ பிரிக்க அவளுக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள கொஞ்ச நாள். எந்தெந்த பாக்டீரியா என்று காட்டுகிற 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்த ஆகிற செலவை நானும் சுமதியும் பார்த்துக்கொள்கிறோம், அதில் நீ தலையிடாதே. எங்கள் கல்லூரி ஃப்ரீசரை நம்ப முடியாது, கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

முடியாது என்றால் உடனே சொல், வேறு இடம் கேட்கிறேன், வருத்தப்பட மாட்டேன். முடியும் என்றால் விருத்தாசலம் ரயிலில் ஐஸ் பெட்டியோடு அவளை அனுப்புகிறேன், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. சாம்பிள் பெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா எதுவும் வைக்காதே, முக்கியமாக மாமாவின் தயிர்சாதம்.

அன்புடன்,
வளர்மதி
சேலம்