மழைக்கு மூடும் ஜன்னல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வீடு தக்கலையில். கொரோனா ஊரடங்கில் நின்றிருந்த பேருந்துகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2021 ஜூன் 28-ஆம் தேதி மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து தினமும் பேருந்தில்தான் போய்வருகிறேன். பாதி இருக்கைகளுக்குத்தான் ஆள் ஏற்ற வேண்டும் என்று இப்போது (ஜூலை 2021) விதி இருக்கிறது. ஆனால் களியக்காவிளையிலிருந்து வரும் வண்டி மார்த்தாண்டத்திலேயே நிறைந்துவிடுகிறது. தக்கலையில் நிற்கும் எங்களைப் பார்த்து நடத்துநர் கையை விரித்தால், கடைக்கு நேரத்துக்குப் போக முடியாது, அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால் எல்லோரும் ஏறத்தான் செய்கிறோம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் எழுத வந்தது ஜன்னலைப் பற்றி. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பார்வதிபுரம் தாண்டுவதற்குள் சாரல் அடித்தால் போதும், இருபக்கக் கண்ணாடியையும் கடகடவென்று இழுத்து மூடிவிடுகிறார்கள். கொரோனா முக்கியமாகக் காற்றின் வழியாகத்தான் பரவுகிறது. இருமினால்தான் என்றில்லை, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் மூடிய இடத்தில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். கம்பிக்குக் கிருமிநாசினி அடிப்பதைப் படம் பிடித்துப் போடுகிறோம். சரி, அடிக்கட்டும். ஆனால் கம்பியைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ளலாம், உள்ளே போன மூச்சை என்ன செய்வது?

சாரல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடிப்பதில்லை. நனையாத பக்கத்து ஜன்னல்களைத் திறந்தே வைக்கலாம். நனைகிற பக்கத்திலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நாலு விரல் இடைவெளி விட்டால் காற்று குறுக்கே ஓடும். அந்த இருக்கையில் யாரும் உட்காராமல் விட்டுவிடலாம், எப்படியும் பாதி இருக்கை காலியாகத்தானே இருக்க வேண்டும்! வண்டி புறப்படும்போது நடத்துநர் இதை ஒரு வார்த்தை சொன்னால் மக்கள் கேட்பார்கள். நான் சொன்னால், "மழையில நனையணும்னா நீங்க நடந்து போங்க" என்கிறார்கள்.

முகக்கவசம் பற்றியும் ஒன்று. மழையில் நனைந்த துணி முகக்கவசத்தில் மூச்சு விடுவதும் கஷ்டம், அது சரியாக வடிகட்டவும் செய்யாது. பிளாஸ்டிக் கவரில் காய்ந்தது ஒன்றை வைத்திருந்து, ஏறுவதற்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. தடுப்பூசி போட்டாயிற்று என்று தாடைக்கு இறக்கிவிட்டு போனில் சத்தமாகப் பேசுகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. மினி பஸ்களில் இன்னொரு தொல்லை, பாட்டு. பாட்டுச் சத்தத்தை மீறி எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, கத்தினால் துளிகள் இன்னும் அதிகமாக வெளிவரும். கொஞ்ச நாளைக்குப் பாட்டை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை.

மெல்போர்னில் இருக்கும் என் அத்தை மகன் டிராமில் வேலைக்குப் போகிறவன். அங்கே இப்போது (ஜூலை 2021) டிராமில் முகக்கவசம் கட்டாயமாம். "கதவு பக்கம் நில்லு, காற்று வரும்" என்று எனக்கு யோசனை சொன்னான். நம் பேருந்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றால் என்ன திட்டு விழும் என்று அவனுக்கு எங்கே தெரியப் போகிறது.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்று மே 8-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாளில் ஊரடங்கு. இப்போதுதான் அந்தச் சலுகையை அனுபவிக்கிறோம், அதனால் கூட்டமும் கூடியிருக்கிறது. எச்சில் தொட்டுச் சீட்டு கிழிப்பதை மட்டுமாவது நடத்துநர்கள் கைவிட வேண்டும். பக்கத்தில் ஒரு ஈரமான ஸ்பாஞ்சு வைத்துக்கொண்டால் முடிந்தது.

பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்பது இதுதான்: காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, தக்கலையிலிருந்தே புறப்படுகிற மாதிரி நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு இரண்டு வண்டி கூடுதலாக விடுங்கள். மாலை ஏழுக்கு மேல் திரும்பி வரவும் அதேபோல. அப்புறம், நகராமல் துருப்பிடித்து நிற்கும் ஜன்னல் கண்ணாடிகளைப் பணிமனையில் சரிசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, ஜூலை 2021