விமான மொடல் பெட்டிக்குள் பசை இல்லை: வெளிநாட்டு உறவுகளுக்கும் ஊர்ப் பெற்றோருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வரும் மாமாமாரும் சித்திமாரும் பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் சாமான்களில் இப்போது பிளாஸ்டிக் விமான மொடல் பெட்டிகளையும் காண்கிறோம். ஏர்ஃபிக்ஸ், ரெவெல், தாமியா என்று பெயர்கள், மூடியில் பறக்கிற விமானத்தின் படம். ஒரு மாதம் போனால் அது ஒரு செட்டை கழன்று, கண்ணாடியில் வெள்ளை பூத்து, அலுமாரிக்கு மேலே கிடக்கும். பிள்ளைக்குப் பொறுமை போதாது என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. பெட்டிக்குள் பசை இல்லை, பெயின்ற் இல்லை. உள்ளே இருக்கும் வழிகாட்டித் தாளோ வன்னியின் வெக்கையையும் புழுதியையும் கிணற்றுத் தண்ணீரையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்டதல்ல. இவற்றைச் சரிசெய்தால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒழுங்கான ஒரு மொடலைக் கட்டி முடிக்கும்.

முதலில் கொண்டுவருபவர்களுக்கு. எனமல் பெயின்ற், லாக்கர், ஸ்ப்ரே ரின், தின்னர், பிளாஸ்டிக் உருக்கும் பசை எல்லாம் எரியக்கூடியவை. அவற்றைப் பயணப்பெட்டியிலோ கைப்பையிலோ விமானத்தில் கொண்டுவர முடியாது. தாமியாவின் அக்ரிலிக் போத்தலிலும் அல்கஹோல் இருப்பதால் அதுவும் அந்தக் கணக்குத்தான். வயெஹோ போன்ற தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எரியாது, அதைக் கொண்டுவரலாம். பசையும் பெயின்ற்றும் உள்ளேயே வைத்து விற்கும் தொடக்கப் பெட்டி என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். பெட்டியில் மிச்ச இடம் இருந்தால் இன்னொரு மொடலைத் திணிக்க வேண்டாம். கூர்மையான ஒரு சைட் கட்டர், நல்ல தூரிகை இரண்டு, ஒரு சுருள் மாஸ்கிங் ரேப், ஆறு நிறப் பெயின்ற் போதும். கட்டர் மட்டும் கைப்பையில் வேண்டாம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். 1/72 என்றால் மொடலின் ஓர் அங்குலம் உண்மை விமானத்தின் ஆறு அடி. ஸ்பிற்ஃபயர் என்ற பிரித்தானியப் போர்விமானத்தின் செட்டை விரிவு 11.23 மீற்றர்; 1/72 இல் 15.6 சென்ரிமீற்றர், 1/48 இல் 23.4. முதல் மொடலுக்கு ஐம்பது பாகத்துக்குள் அடங்கும் 1/72 ஒற்றை எஞ்சின் விமானம்தான் சரி. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது ஆசையில் செய்யும் அநியாயம்.

இனிப் பசை. இங்கே கடையில் கேட்டால் சுப்பர் குளூவைத்தான் தருவார்கள். அநேகமான மொடல்கள் கெட்டுப்போவது அதனால்தான். மொடல் பிளாஸ்டிக் பொலிஸ்ரைறீன். அதற்கான பசை இரண்டு முகத்தையும் கரைத்து ஒன்றாக்கும், காய்ந்தபின் மூட்டும் அதே பிளாஸ்டிக்தான். சுப்பர் குளூ இரண்டுக்கும் நடுவில் தனிப் படையாக நிற்கும். இழுவையைத் தாங்கும், பக்கவாட்டுத் தட்டைத் தாங்காது. போதாக்குறைக்கு அது ஈரத்தில் இறுகும் பசை. எங்கள் காற்றில் செட்டையை நேராக்க முன்பே பிடித்துவிடும். அதன் ஆவிதான் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது.

மொடல் பசை கிடைக்காவிட்டால் ஹாட்வெயார் கடையில் வாகனப் பெயின்ற்றுக்கு விற்கும் என்சி தின்னர் பயன்படும். கடைக்குக் கடை கலவை மாறும், எனவே சோதித்துத்தான் பாவிக்க வேண்டும். பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுத்து நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் பசைக்கு ஆகும். வெள்ளைபற்றி வெடித்தால் ஆகாது. மண்ணெண்ணெயும் ரேப்பன்ரைனும் இதற்கு உதவாது. நெயில் பொலிஷ் நீக்கியிலுள்ள அசற்றோன் பிளாஸ்டிக்கைச் சேறாக்கிவிட்டுத் தான் பறந்துவிடும்.

ஆகும் தின்னரை நெயில் பொலிஷ் வெறும்போத்தலில் பாதிக்கு ஊற்றி, அதே பெட்டியின் சட்டத்துண்டு ஒரு சாண் அளவை அரிசி அளவுக்கு நறுக்கிப் போட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் கெட்டியாகி இழுபடும். மூடியோடு தூரிகையும் இருக்கிறது. போத்தலை முதலே தின்னரால் இரண்டு தரம் கழுவாவிட்டால் பழைய நிறம் கலந்துவிடும். இந்தக் கெட்டிப் பசை உடற்பகுதிக்கும் செட்டைக்கும். வெறும் தின்னர் சின்ன மூட்டுகளுக்கு: பாகங்களைச் சேர்த்துப் பிடித்தபடி நுனித் தூரிகையால் விளிம்பைத் தொட்டால் இடுக்குக்குள் தானே ஓடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் பசை விரலுக்கடியில் ஓடி ரேகையை அப்படியே பதித்துவிடும். தின்னரில் தொலுயீன் இருக்கும். ஆகையால் திறந்த விறாந்தையில், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குசினியிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் கூடவே கூடாது.

வேலை செய்யும் ஒழுங்கு இது. சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் ஒட்டியிருக்கும், அதன்மேல் பெயின்ற் பிடிக்காது. பாகத்தைக் கையால் முறிக்கக் கூடாது. சட்டத்தை ஒட்டி ஒரு வெட்டு, பிறகு பாகத்தருகே இரண்டாம் வெட்டு. நகவெட்டி இருந்தாலும் சமாளிக்கலாம். எஞ்சிய முளையை 400, 600, 1000 என்ற தர வரிசையில் வோட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் தூசு பேப்பரை அடைக்கும்.

உடற்பகுதியின் இரண்டு பாதியை ஒட்டமுதல் விமானி அறையின் உள்ளே பெயின்ற் பூசியாக வேண்டும். பூசிய இடத்தில் பசை பிடிக்காது, மூட்டு விளிம்பிலுள்ள பெயின்ற்றைச் சுரண்டிவிடுங்கள். பாதிகளைச் சேர்த்து அழுத்தும்போது கோடு முழுக்க உருகிய பிளாஸ்டிக் மெல்லிசாகப் பிதுங்கி வரவேண்டும். அதைத் துடைக்காதீர்கள். உடுப்புக் கிளிப்பும் இறப்பர் பாண்டும் போட்டு ஒரு நாள் விட்டுத் தேய்த்தால் கோடு மறைந்துவிடும், இடுக்கு நிரப்பும் பட்டி தேவையில்லை. பசையை அள்ளி அப்பினால் உள்ளே அடைபட்ட ஆவி பல நாளாகப் பிளாஸ்டிக்கை இளக்கும். எல்லாம் முடிந்து பெயின்ற்றும் பூசியபின் மூட்டு குழியும்.

செட்டையை ஒட்டியதும் மொடலை மேசையில் வைத்து இரண்டு நுனியின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து சமமாக்கி, புத்தகங்களை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். கண்மட்டத்தை நம்பக்கூடாது, மேசையே சரிந்திருக்கலாம். பெட்டியிலேயே செட்டை வளைந்திருந்தால் கைபொறுக்காத சூட்டுத் தண்ணீரில் சில செக்கன் முக்கி, நேராக்கி, பச்சைத் தண்ணீரில் போடுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம், முழுவதும் சுருண்டுவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பெட்டியை விட்டாலும் இந்த வளைவுதான் வரும்.

மூக்கில் சில்லு உள்ள விமானங்கள், முக்கியமாகப் பயணிகள் ஜெற், பாரம் வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். எத்தனை கிராம் என்பது வழிகாட்டித் தாளில் இருக்கும். முல்லைத்தீவில் வலைக்குக் கட்டும் ஈயத்தைத் தட்டி மூக்குக்குள் ஒட்டுவது போல இலேசான வழி வேறில்லை. ஈயம் தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

பெயின்ற்றைப் பொறுத்தவரை நேரம்தான் முக்கியம். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் பூசினால் தூரிகை நுனியிலேயே காய்ந்து கோடு கோடாக நிற்கும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்தபின். பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிய பூச்சு மூன்று, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தடிப்பாகப் பூசுவதால்தான் நுணுக்கக் கோடுகள் மூடிப்போகின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் ஈரப் பெயின்ற்றில் செம்புழுதி வந்து குந்தும். பூசிய உடனே ஐஸ்கிறீம் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். பல்லிக்கும் அதே மருந்து. மாரியில் ஸ்ப்ரே லாக்கர் அடிக்க வேண்டாம். ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதால் பால்போல வெளுக்கும். அந்த மாதங்களை வெட்டவும் ஒட்டவும் தேய்க்கவும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் போஸ்ரர் கலர் பிளாஸ்டிக்கில் நிற்காது, உரிந்துவிடும்.

அடையாளங்கள் அச்சிட்ட டெகல் தாள்தான் வன்னியில் அதிகம் பழுதாகும் சாமான். அதன் பசை மாப்பசை, கரப்பான் அரித்துவிடும். புதுச் சப்பாத்துப் பெட்டியிலுள்ள சிலிக்கா பையோடு இறுக்கமான பொலித்தீன் பைக்குள் வையுங்கள். மங்கலான பெயின்ற்றின் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிறைப்பட்டு வெள்ளி வெள்ளியாக மினுங்கும். எனவே முதலில் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு டெகலின் விளிம்பிலும் வெள்ளையாகக் காயும். கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள். அமிலம் கலந்ததல்ல, காய்ச்சி வடித்தது என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் இருபது செக்கன் நனைத்து வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டால் தானே வழுகும். தாளை மொடலுக்கு அருகில் வைத்து ஈரத் தூரிகையால் தள்ளி இருத்துங்கள், விரலால் இழுத்தால் கிழியும். மேடுபள்ளத்தில் படியாவிட்டால் தண்ணீர் கலந்த வினாகிரி சிறிது தடவலாம். கண்ணாடிப் பாகத்தைக் கடைசியில் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும், தவறினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

சட்டத்தின் மிச்சத்தை எறிய வேண்டாம். ஒரு விரல்நீளத் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல், உருட்டிக்கொண்டே பிடியுங்கள். நடுப்பகுதி மினுங்கித் தொய்யத் தொடங்கும்போது வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் நூலாகும். மெதுவாக இழுத்தால் தடிப்பு, கெதியாக இழுத்தால் மயிரிழை. வானொலிக் கம்பி தயார். இதுவும் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கச் செய்யும் வேலைதான்.

எந்த விமானம் என்ற கேள்வி இங்கே சாதாரணமானதல்ல. விமானம் என்றால் போரில் குண்டு போட்ட கிபிர் ஜெற்றும் ஒளிந்திருந்த பங்கரும் நினைவுக்கு வரும் வீடுகள் இவை. அம்மம்மா இருக்கும் வீட்டில் போர் ஜெற்றை மேசையில் வைக்காதே என்று பெற்றோர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. போர்விமானம் அல்லாதவையும் தாராளமாக உண்டு. 1947 இல் தொடங்கிய எயார் சிலோன், இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு ஓட்டியது டிசி-3 டக்கோட்டா. அதன் செட்டை விரிவு 95 அடி, 1/72 இல் 40 சென்ரிமீற்றர், 1/144 இல் 20. வாலில் சில்லு என்பதால் ஈயமும் தேவையில்லை. எயார் சிலோன் டெகல் பெட்டியில் வராது, தாளில் அச்சிட்டுச் செய்துகொள்ள வேண்டும். சாதாரண அச்சுப்பொறியால் வெள்ளை எழுத்து அடிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கொஞ்சம் கைதேர்ந்த பெரிய பிள்ளைகளுக்கு ஊர்ச் சரித்திரமே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வவுனியாவில் பிரித்தானிய வான்படைத் தளம் இருந்தது. அங்கே அந்த வான்படையின் 22 ஆவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவு போஃபோர்ட், பிறகு போஃபைட்டர் என்ற இரட்டை எஞ்சின் போர்விமானங்களைப் பறக்கவிட்டது. இரண்டையும் ஏர்ஃபிக்ஸ் 1/72 இல் செய்கிறது. போஃபைட்டர் போஃபோர்ட்டிலிருந்து பிறந்தது, இரண்டின் செட்டையும் 24.5 சென்ரிமீற்றர்தான். ஆனால் பெட்டியில் வரும், ஐரோப்பாவில் பறந்த விமானங்களுக்கான வட்டச் சின்னத்தை அப்படியே ஒட்டினால் 1943 இன் பிற்பகுதி வவுனியா விமானம் ஆகாது. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க இந்தப் பக்கத்தில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டு, கடும் நீலமும் இளநீலமும் மட்டும் வைத்தார்கள். வாலிலுள்ள பட்டையிலும் சிவப்பு இருக்கக்கூடாது.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் வேலைக் கருவிகள் வாங்கத் தேவையில்லை. உங்கள் பத்திரிகையை ஊர் வாசிக்கும் சனசமூக நிலையங்களில் பூட்டுப்போட்ட ஒரு பிஸ்கற் ரின் போதும்: சைட் கட்டர் ஒன்று, சின்ன அரம் இரண்டு, மூன்று தரத்து வோட்டர் பேப்பர், அடிமட்டம், கிளிப் பத்து, மாஸ்கிங் ரேப், பைண்டர் கம், பற்றரித் தண்ணீர். உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தப் பட்டியலைப் போட்டால் வெளிநாட்டு உறவுகள் கண்ணிலும் படும். பிளேட்டும் தின்னர்ப் போத்தலும் அந்த ரின்னுக்குள் போகக்கூடாது. அவை திறப்பு வைத்திருக்கும் பெரியவரின் கையில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
விமான மொடல் கட்டும் சிலர்,
கிளிநொச்சி.